உள்ளங்கையில் ஏறிய மடையடைப்புச் சிந்து

மழை பொய்த்த அந்த வருஷம் பனையங்கோட்டை சமஸ்தானத்தில் 'மடையடைப்புச் சிந்து' என்ற நாலு பக்க நோட்டீஸை யார் படித்தாலும், படித்து முடித்த கையோடு அவருடைய இடது உள்ளங்கையில் அதிலிருந்து ஒரு வரி வந்து உட்கார்ந்துகொண்டது. பச்சை குத்தியதுபோல அல்ல, மையால் எழுதியதுபோலவும் அல்ல. நோட்டீஸில் இருந்த அதே அச்செழுத்தில், அதே அளவில், ஆயுள் ரேகைக்குச் சற்றுக் கீழே, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாலும் போகாதபடி வந்து உட்கார்ந்தது. எல்லாருக்கும் ஒரே வரி வரவில்லை. படிக்கும்போது எந்த வரி யாரைச் சுட்டதோ அந்த வரி அவருக்கு வந்தது. பிறர் படிக்கக் கேட்டவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. கண்ணால் படித்தவருக்கே வந்தது.

பனையங்கோட்டைக்கு நோட்டீஸ் புதிதல்ல. கோயில் வடம் பிடிக்கும் உரிமைக்கும், இரண்டு புலவர்களுக்கு நடுவே யாப்புச் சண்டைக்கும், கலியாணத்தில் முதல் பந்தியில் உட்காரவைக்காத மனவருத்தத்துக்கும் அந்த ஊரில் நோட்டீஸ் போட்டார்கள். எதிலும் எழுதியவர் பெயர் இருக்காது. 'உண்மை விளம்பி' என்றோ 'ஊர் நலம் விரும்பி' என்றோ முடியும். ஆற்றுக்கு அக்கரை வெள்ளைக்காரன் ஜில்லா. அங்கே இருந்த அச்சகத்தில் காசு கொடுத்தால் எதையும் அடித்துக் கொடுத்தார்கள். அடித்ததை வெற்றிலைக் கட்டுக்குள் வைத்துப் பாலத்தைக் கடத்தி வந்தவர் காதர் ராவுத்தர். யார் எழுதிக் கொடுத்தது என்று அவரிடம் ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பது அங்கே எழுதப்படாத மரியாதையாக இருந்தது.

ராஜா சின்னப் பிள்ளை. ஆண்டது திவான். பஞ்ச வருஷத்தில் திவான் ஆற்றுமடையை அடைத்து, இருந்த கொஞ்சத் தண்ணீரையும் அரண்மனைக் குளத்துக்குத் திருப்பினார். விருந்துக்கு வரும் துரைமார்கள் படகு விட வேண்டும் என்பது காரணம். சிந்து அதைத்தான் பாடியது.

*மன்னர் குளத்தில் படகு மிதக்குது*
*மக்கள் குடத்தில் மண்ணு கனக்குது*

கையில் எழுத்து ஏறியதை ஊர் முதலில் நோய் என்று நினைத்தது, பிறகு தெய்வக் குற்றம் என்று நினைத்தது, பிறகு நினைப்பதை விட்டுவிட்டு அதோடு வாழ்வதற்கு என்ன செய்யலாம் என்று பார்த்தது. கோயிலில் தீர்த்தம் கொடுக்கும் பட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றப் பழகினார். வளையல்காரச் செட்டியார் மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பினார், அப்படியும் கீழ ரதவீதிப் பெண்களில் பாதிப்பேருடைய வரி அவருக்குத் தெரிந்திருந்தது, பாவம் அந்த மனுஷன் தூக்கம் கெட்டு இளைத்துப் போனார். ரேகை ஜோசியர் கையைப் பார்க்காமல் காலைப் பார்த்துப் பலன் சொன்னார். பெண் பார்க்க வந்தவர்கள் நட்சத்திரம் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "பொண்ணு படிச்சிருக்கா?" என்று கேட்டார்கள். படிக்கத் தெரியாதவர்கள் வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்தார்கள். அவர்களிலும் சிலருக்கு ஊரே வைத்திருப்பது தனக்கு இல்லையே என்று உள்ளூரக் குறையாக இருந்தது.

குறைப்படுவதற்கு ஒன்றுமில்லை என்று போலீஸ் தாணா அவர்களுக்குக் காட்டியது. கையில் வரி இருந்தவர்களை அவுல்தார் மாடசாமி பிடித்து வந்து தாணா வாசலில் வெயிலில் முட்டி போடவைத்தார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்கு அந்த உள்ளங்கையிலேயே பிரம்படி விழுந்தது. தோல் உரிந்து, புண்ணாகி, ஆறிப் புதுத் தோல் வந்தபோது வரியும் கூடவே வந்தது. அதைப் பார்த்த பிறகு ஊர் கையை மூடிக்கொண்டது. சலாம் போடும்போதும் மூடிய கை, பிச்சை போடும்போதும் மூடிய கை. பெண்கள் மருதாணி அரைத்து உள்ளங்கை முழுக்க அப்பினார்கள். பிறகு ஆண்களும் அப்பிக்கொண்டார்கள். வண்டிக்காரனும் வக்கீல் குமாஸ்தாவும் சிவந்த கையோடு அலைந்தார்கள். வேலி மருதாணியெல்லாம் மொட்டையாகிக் குச்சி நின்றது.

அரண்மனைப் புலவர் அம்பலவாணக் கவிராயரின் கைக்கும் அவர் மனைவி உலகம்மை மருதாணி அரைத்தாள். கவிராயர் ராஜாவின் பிறந்தநாளுக்கும் திவானின் சஷ்டியப்தபூர்த்திக்கும் பாடிச் சால்வை வாங்குகிறவர். சிந்தெல்லாம் தெருப்பாட்டு, அதை நான் தொடுவதில்லை என்று வெளியே சொல்லுகிறவர். ஆனால் அந்த நோட்டீஸைப் புருஷனும் பெண்சாதியுமாக ஒரே தாளில் தலையை முட்டிக்கொண்டுதான் படித்தார்கள். படித்ததும் அவளுக்கு வரி வந்தது. தனக்கும் வந்ததாக அவர் சொல்லிவிட்டுக் கையை இடுப்பில் செருகிக்கொண்டார். இப்போது மருதாணிக் கிண்ணத்தோடு உட்கார்ந்து அவருடைய விரல்களை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தபோது உள்ளே ஒன்றும் இல்லை.

உலகம்மை மருதாணிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஊர்ல எழுத்துத் தெரிஞ்ச அத்தனை பேர் கையிலயும் இருக்கு. உங்க கையில இல்ல."

"நான் சரியாப் படிக்கலை போலிருக்கு."

"முன்னாடியே தெரிஞ்சதைப் படிச்சா எப்பிடி வரும்?" என்றாள். "நீங்கதானா?"

கவிராயர் வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையே அவளுக்குப் பதிலாகப் போதுமானதாக இருந்தது. அவள் மருதாணியை எடுத்து, மற்ற வீட்டுப் பெண்கள் அப்பியதைவிடக் கனமாக அந்த வெறுங்கையில் அப்பினாள்.

"சால்வை வாங்குறதுக்கே எழுதிட்டு இருக்கீயன்னு உங்க மேல எனக்கு எம்புட்டுக் கோவம் தெரியுமா, இத்தனை வருஷமா?" என்றாள். "கோவம் போறதுக்குள்ள பயம் வந்துட்டு."

பயம் அந்த வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடியேறியது. வெற்றிலைக்காரர் கூவினாலும் கவிராயர் எழுந்து நின்றார். கொலுவில் பாடும்போது அடியை மறந்து முதலிலிருந்து தொடங்கினார். மருதாணி வெளுக்க வெளுக்க அவள் மறுபடி அரைத்தாள். இலை கிடைக்காதபோது பாக்கையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசினாள்.

படித்தவர்களைத் தண்டித்தால் சமஸ்தானத்தில் கணக்கெழுத ஆள் இருக்காது என்று திவானுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. எந்நேரமும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டிருந்த அவருக்கு, எழுத்து எப்படி வருகிறது, யாருக்கு வராது என்பதும் மற்றவர்களைவிட முன்னதாகப் புரிந்திருக்க வேண்டும். ஒரு சந்தை நாளில் தண்டோரா போட்டார்கள். மருதாணி இலை இனிமேல் குற்றம். கையில் வரி உள்ளவர்களுக்கு மன்னிப்பு. படிக்கத் தெரிந்தும் கையில் வரி இல்லாதவர்கள் எல்லாரும் கொலுமண்டபத்துக்கு வந்து, சபை முன்னால் அந்த நோட்டீஸைப் படிக்க வேண்டும். படித்ததும் வரி வந்தால் விசுவாசி. வராவிட்டால் அவன்தான் எழுதியவன், மலைக்கோட்டைச் சிறை. மலைக்கோட்டைக்குப் போனவர்கள் எவரும் இறங்கி வந்து ஊர் பார்த்ததில்லை.

பரீட்சைக்கு ஆள் சேர்ந்த பிறகுதான் படிக்கக் கொடுக்கச் சமஸ்தானத்தில் ஒரு நோட்டீஸ்கூட மிச்சமில்லை என்பது தெரிந்தது. சனங்கள் எரித்திருந்தார்கள், கிணற்றில் போட்டிருந்தார்கள், பயத்தில் சிலர் மென்று தின்றிருந்தார்கள். தாணாவில் பிடித்து வைத்ததை அவுல்தாரே அடுப்பில் போட்டிருந்தார், அவர் வீட்டுப் பெண்கள் படித்துவிடக் கூடாது என்று. பாட்டு மட்டும் அழியாமல் இருந்தது. தண்ணீருக்குக் காத்து நிற்கும் பெண்கள் ஊருணிக்கரையில் அதைக் கும்மியாகவே பாடினார்கள். ஆகவே அரண்மனைக் கடிதங்களை எழுதும் ராயசம் வெங்கோபராவ் மைக்கூட்டோடு ஊருணிப் படியில் வந்து உட்கார்ந்தார். இந்தக் குப்பையை நான் கண்ணாலும் பார்த்ததில்லை என்று ஊரறியச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். மனசில் கல்மிஷம் இல்லாதவர். முத்துக் கோத்தாற்போல எழுதுகிறவர்.

"மெதுவாப் பாடுங்கம்மா. உங்க வேகத்துக்கு என் கை ஓடாது."

"நாங்க பாடினா தாணாவுல போடுவீயளா, ராயரே?"

"இன்னிக்கு மட்டும் இல்ல. இன்னிக்கு இது சர்க்கார் வேலை."

பெண்கள் சிரித்தார்கள். பாடினார்கள். அடி அடியாக அவர் எழுதிக்கொண்டார். எல்லாம் முடிந்து மைக்கூட்டை மூடப் போனபோது, "இன்னும் ஒண்ணு இருக்கு" என்று குடத்தோடு நின்ற உலகம்மை தானே கட்டிய ஓர் அடியை எடுத்துவிட்டாள். யாரும் அதுவரை கேட்டிராத அடி அது. பக்கத்தில் நின்றவள் அவள் முகத்தைப் பார்த்தாள். "அக்கரையில இப்பிடித்தான் பாடி முடிக்காவ" என்றாள் உலகம்மை. அவள் ஆற்றைக் கடந்ததே இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். யார் சொல்லித் தெரியும் என்று ஒருத்தியும் கேட்கவில்லை; ராயசத்துக்கு வசதியாக இன்னொரு முறை எல்லாரும் சேர்ந்து அதைப் பாடினார்கள்.

அரண்மனை அச்சகத்தில் சிந்து மறுபடியும் அச்சானது. அங்கே எது அச்சானாலும் தலைப்பில் சமஸ்தான முத்திரை போடுவது வழக்கம். வழக்கத்தை யாரும் மாற்றவில்லை.

பரீட்சைக்குப் புறப்பட்ட காலையில் உலகம்மை கவிராயருக்கு அங்கவஸ்திரம் எடுத்துக் கொடுத்தாள். அவளிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் அவருக்கு அது முன்பே தெரிந்ததாகிவிடும், முன்பே தெரிந்தது கையில் ஏறாது.

"நடுவுல நிறுத்திராதீய. கடைசி எழுத்து வரைக்கும் படிங்க."

"கடைசி எழுத்து வரைக்கும் நான் எழுதினதுதானே, உலகு."

"சரி. அப்பிடியே இருக்கட்டும். படிங்க."

கொலுமண்டபத்தில் திவான் உயர்ந்த நாற்காலியில் இருந்தார். ஒருவர் படிப்பது இன்னொருவர் காதில் விழாதபடி, முறை வராதவர்களை வெளிமுற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள். தன்னை ஏசும் பாட்டைத் தன் முன்னாலேயே, தன் உத்தரவின் பேரில், தன் விசுவாசிகள் ஒருவர் பின் ஒருவராக உரக்கப் படிக்கக் கேட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அரண்மனை வைத்தியர் படித்தார். காவல் மணியக்காரர் படித்தார். படகு மிதக்குது, மண்ணு கனக்குது என்று நடுங்கும் குரல்களில் அது திரும்பத் திரும்ப வந்தது. தர்மகர்த்தா படித்து முடித்ததும் கையைத் தூக்கிக்கொண்டு, "வந்துட்டு எசமான், எனக்கு வந்துட்டு!" என்று அழுதார். அவுல்தார் அந்தக் கையைப் பிடித்துச் சபைக்குக் காட்டினார். 'திருநீறு பூசித் திருடுற கூட்டம்' என்று இருந்தது. தர்மகர்த்தா கையை மெல்ல இறக்கினார்.

கவிராயர் முறை வந்தது. தன் வரிகளைத் தானே முன்பின் அறியாதவர்போலப் படித்தார். ஒவ்வொரு அடிக்கும் கையைப் பார்க்காதிருக்கப் பாடுபட்டார். தான் எழுதியதின் முடிவு வந்தது. அதற்குக் கீழேயும் எழுத்து இருந்தது.

*சால்வைக்குப் பாடிடும் கவிராயரே – எங்கள்*
*சட்டியின் ஓசைக்குச் செவியில்லையோ*

அதைக் கவிராயர் வாயாலேயே கேட்டு முதலில் சிரித்தவர் திவான். பிறகு சபை சிரித்தது. கவிராயர் சிரிப்புக்கு நடுவில் நின்று, அது யாருடைய குரல், எத்தனை வருஷமாகத் தன் சமையற்கட்டில் அந்தச் சட்டி ஓசை கேட்டது என்று உணர்ந்துகொண்டிருந்தபோதே உள்ளங்கை சுட்டது. அவுல்தார் விரல்களைப் பிரித்தார். வரி இருந்தது.

"போம் வே, பிழைச்சீர்" என்றார் அவுல்தார், காதோடு.

கடைசியில் யாரும் கூப்பிடாமலே ராயசம் வெங்கோபராவ் முன்னே வந்தார். தானும் வெறுங்கைக்காரன், தன் விசுவாசத்தையும் சபை பார்க்கட்டும் என்றார். தெளிவான குரலில், ஒரு சொல் பிசகாமல் படித்தார். படித்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி படித்தார். ஒவ்வொரு எழுத்தையும் ஊருணிப் படியில் உட்கார்ந்து தன் கையாலேயே எழுதியவருக்கு அந்தத் தாளில் புதிதாக என்ன இருக்கும்? அது மண்டப ஓரத்தில் வேடிக்கை பார்த்து நின்ற ஊருணிப் பெண்களுக்கு உடனே விளங்கியது. சபைக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும், பரீட்சைக்கு ஓர் ஆள் அகப்பட வேண்டியிருந்தது.

"எசமான், நான் பிரதி எழுதினவன். எசமான் உத்தரவு..." என்று ராயசம் சொல்லிக்கொண்டே இருக்கும்போது அவர் கைகளைப் பின்னால் கட்டினார்கள்.

கவிராயர் எழுந்தார்.

"அதை எழுதினது நான்."

"கையைக் காட்டும்" என்றார் திவான். கவிராயர் காட்டினார். "உம்மைத் திட்டின வரி உம்ம கையிலயே இருக்கு. உம்மையே திட்டி நீர் எழுதினீரா?" சபை மறுபடி சிரித்தது. "புலவனுக்கு இது ஒரு வியாதி. நல்ல பாட்டாக் காதுல விழுந்தா தன் பேரைச் சொல்லிக்கிடணும். சால்வை பத்தலையோ?" கவிராயர் முதல் அடியிலிருந்து மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தார். ஊரில் எந்தப் பெண்ணும் அதைச் சொல்வாள் என்று அவரை உட்காரவைத்துவிட்டார்கள்.

வீட்டில் உலகம்மை அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு உசுரை இழுத்துப் போட்டேன். அந்த இடத்துல இன்னொண்ணு விழுந்துட்டு" என்றாள். "ராயருக்கு நான் பாடின பாட்டே அவரை முழுங்கிட்டு."

"மலைக்கோட்டைக்குக் கொண்டுபோக இன்னும் நாள் இருக்கு. கைதி உள்ள இருக்கும்போதே இன்னொரு சிந்து வெளிய வந்தா?"

"வந்தா, வெங்கோபராவுக்குச் சீடன் ஒருத்தன் வெளிய இருக்கான்னு சொல்லுவாவ. பேர் இல்லாம எழுதினா எல்லாம் அவர் தலையிலதான் விழும்."

அவர் எழுத உட்கார்ந்தார். ஓர் அடி எழுதினார், அடித்தார், மறுபடி எழுதி மறுபடி அடித்தார். அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். அவர் ஒரு சொல் சொன்னார், அவள் ஒரு சொல் சொன்னாள். அவர் சந்தம் பார்த்தார், அவள் சங்கதி பார்த்தாள். சண்டையும் போட்டார்கள். ராயசம் பிரதி எழுதியவரே அன்றி ஆசிரியர் அல்ல என்றும், மடை அடைத்தது யார், குளம் யாருக்கு என்றும் சிந்து சொன்னது. கடைசியில், அந்தச் சமஸ்தானத்தில் எந்த நோட்டீஸிலும் இல்லாத ஒன்றை அவர் சொல்ல அவள் எழுதினாள்: 'இதையும் முந்தியதையும் பாடினவன் அம்பலவாணக் கவிராயன், கீழ ரதவீதி.'

"என் பேரும்" என்றாள்.

"வேண்டாம் உலகு."

அவள் பேனாவைப் பிடித்தபடி பார்த்தாள். கவிராயர் அவள் கையிலிருந்து தாளை உருவிக்கொண்டார். அந்த ஒன்றில் மட்டும் அவர் விடவில்லை.

தாளை வாங்கிய காதர் ராவுத்தர் கடைசி வரியைப் பார்த்துவிட்டு வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "என்ன கவிராயரே, இத்தனை வருஷமா நீர்னு எனக்குத் தெரியாதுன்னு நான் நடிச்சதெல்லாம் வீணா?" என்றார். பிறகு கட்டின் நடுவில் அதை வைத்துக் கட்டினார். கட்டுவதற்கு வழக்கத்தைவிட நேரம் எடுத்தது.

இரண்டாவது சிந்து வந்த அன்று அது ஊரின் வலது கைகளில் ஏறியது. முன்பு ஆளுக்கு ஒரு வரி வந்தது. இந்த முறை எல்லாருக்கும் ஒரே வரி. பஞ்சமோ படகோ அவர்களைச் சுடவில்லை, ஒருவன் தன் பெயரை அடியில் போட்டதுதான் சுட்டது. கடைக்காரர் கையில் அம்பலவாணக் கவிராயன், பட்டர் கையில் அம்பலவாணக் கவிராயன், தாணாவில் அவுல்தார் கையில், கையுறைக்குள் திவான் கையில். அத்தனை பேரும் உடனே கையை மூடிக்கொண்டார்கள்.

அவுல்தார் மாடசாமி வெயில் ஏறும்போது வந்தார். கதவைத் தட்டவில்லை, திறந்துதான் இருந்தது.

"வலது கையைக் காட்டச் சொன்னாங்க."

கவிராயர் நீட்டினார். வெறுமையாக இருந்தது. அவுல்தார் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டு, வேண்டாத வேலை செய்கிறவர்போலத் தன் கையையும் ஒரு கணம் திறந்து ஒப்பிட்டுப் பார்த்து மூடிக்கொண்டார். "ராயரை விட்டுட்டாங்க" என்றார். "செருப்பைப் போட்டுக்கிடும். மலைப்பாதை காந்தும்."

உலகம்மை உள்ளேயிருந்து வந்து தன் வலது கையை விரித்துக் காட்டினாள். அதுவும் வெறுமையாக இருந்தது.

"மூடிக்கிடுங்கம்மா" என்றார் அவுல்தார், பல்லைக் கடித்துக்கொண்டு. "எனக்கு ஒரு பேர்தான் சொல்லி விட்டிருக்கு. நான் ஒண்ணும் பாக்கலை."

"பாருங்க."

"அம்மா, மூடுங்க!"

அவள் மூடவில்லை. புருஷனுக்குப் பின்னால் அப்படியே தெருவில் இறங்கினாள். கீழ ரதவீதியின் இரண்டு பக்கமும் சனங்கள் நின்றார்கள், கடைக்காரரும் வளையல்காரச் செட்டியாரும் ஊருணிப் பெண்களும், ஒருவரும் பேசாமல், ஒருவரும் அசையாமல், ஒவ்வொருவர் கைக்குள்ளும் போய்க்கொண்டிருப்பவரின் பெயர் இருக்க, விரல்களை இறுக்கிக்கொண்டு. தெரு திரும்பும்வரை அந்த வீதியில் திறந்திருந்தவை அந்த இரண்டு வெறுங்கைகள் மட்டும்தான்.